கான் வெட்டாத வருஷம்

கீர்த்திவாசன் கானுக்குள் கால் வைத்தான். கால் உள்ளே போகவில்லை. நடந்தது அவ்வளவுதான். அதற்கே அவனுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது, அதுவும் கீழ் கோத்தகிரிப் பக்கத்துப் புரட்டாசிக் குளிரில்.

ஐம்பதைத் தாண்டிய மனிதரை, கோயமுத்தூரில் ஒரு காலேஜின் சிவில் டிபார்ட்மெண்டுக்கே தலைவராக இருப்பவரை, அவன் இவன் என்று சொல்லலாமா என்று கேட்காதீர்கள். பிராம்லி எஸ்டேட்டில் அவன் சூப்பர்வைசர் வீட்டுக் கீர்த்தி. காலேஜில் அவனுக்கு என்ன மரியாதை நடந்தாலும், பட வேண்டியதையெல்லாம் அவன் பட்டது இங்கேதான்.

தேயிலைச் சரிவில் குறுக்கே குறுக்கே வெட்டிவிட்ட வாய்க்காலுக்கு எஸ்டேட்டில் கான் என்று பெயர். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மலையை ஊறவைக்காமல், கான் வழியே ஓரத்துக்கு ஓடி ஓடையில் விழுந்துவிடும். வருஷா வருஷம் புரட்டாசி பிறந்ததும், ஐப்பசி மழைக்கு முன்னால், சேறும் சருகும் வாரி முழங்கால் ஆழத்துக்கு வெட்டிவிடுவார்கள். இப்போது அந்தக் கான் தரையோடு தரையாக மூடிக் கிடந்தது. மேலே புல் வேறு முளைத்திருந்தது. கீர்த்தி அடுத்த கானுக்கு ஏறினான். அதுவும் அப்படியே. அதற்கும் மேலே போனால் இன்னும் மோசம். மண் மூட்டை போட்டுக் கானை அடைத்து, தண்ணீரை நிறுத்தி, இரண்டு பக்கமும் கேரட் பாத்திகளுக்குப் பாய்ச்சியிருந்தார்கள். தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டுப் போட்ட பாத்திகள். பச்சைப் பசேலென்று, பார்க்க என்னவோ கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தான். சரிவின் தலைமாட்டில் அவன் கட்டிய குட்டை, கரை தளும்ப நின்றது. குனிந்து பார்த்தான். சரிவின் கால்மாட்டில் எஸ்டேட் கட்டிக் கொடுத்த லைன் வீடுகள், வரிசையாக, கூரைகளுக்கு மேலே அடுப்புப் புகை. கடைசி வீடு அவனுடைய அக்கா பாலாமணியின் வீடு. மேலே தண்ணீர், கீழே சனம், நடுவில் ஊறிப்போன மண். இதற்குக் கீர்த்தி பேனாவை எடுத்துக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை.

அவனுக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்ததே அந்தக் குட்டைதான். புரொபசர் வேலை, டெல்லி வரைக்கும் போய்ப் பேசிய கூட்டங்கள், கழுத்தில் விழுந்த சால்வைகள் எல்லாம் அந்தத் தண்ணீரில் விளைந்தவை. அவன் சின்ன வயசில் மாசி பிறந்தால் எஸ்டேட் ஓடை வற்றிவிடும். கொழுந்து கிள்ளி ஓய்ந்துபோய் வந்த பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த எஸ்டேட் எல்லைவரை போய், சண்டை போட்டுத் தண்ணீர் கொண்டுவருவார்கள். கீர்த்தி சிவில் படித்தான். மழை பெய்தால் மண் எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு கக்குகிறது என்பதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டான். சரிவுக்கு மேலே இருந்த பள்ளத்தில் மண்கரை போட்டு மழைத் தண்ணீரைத் தேக்கினான். தேங்கியது மெல்ல மெல்லக் கசிந்து ஓடைக்கு இறங்கியது. அந்தக் கோடையில் ஓடை வற்றவில்லை. அடுத்த கோடையிலும் வற்றவில்லை. மலையில் தண்ணீரைச் சேமிக்க இதோ வழி என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரே ஓர் ஆள் மட்டும் குறுக்கே கேட்டார். பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில், வடக்கேயிருந்து வந்த தேர்வாளர், தேயிலைச் செடியையே அதுவரை பார்த்திராத மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "குட்டைக்குக் கீழே உள்ள சரிவு காய்ந்திருப்பதற்கு இந்த வாய்க்கால்களைத்தானே நம்பியிருக்கிறீர்கள்? இவற்றை ஒரு வருஷம் வெட்டாமல் விட்டால்?" என்றார். கீர்த்தி சிரித்துவிட்டான். புரட்டாசியில் கான் வெட்டாத எஸ்டேட்டா! "நாளைக்குச் சூரியன் வராவிட்டால் என்று கேட்கிறீர்கள், ஐயா" என்றான். அறையே சிரித்தது, கேட்டவரும் சேர்ந்து சிரித்தார். வேறு எவனாவது பட்டணத்தான் இந்த ஆராய்ச்சியைச் செய்திருந்தால் அந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுதியிருப்பான். கானுக்குள் குதித்து விளையாடி வளர்ந்தவனுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

வந்ததே அப்படியொரு வருஷம். தேயிலை விலை விழுந்தது. விழுந்தது என்றால் அப்படி இப்படி இல்லை, கிள்ளுகிற கூலிக்குக்கூடக் கொழுந்து போகவில்லை. மஞ்சூர், சோலூர், கோத்தகிரி என்று எங்கே போனாலும் ஒரே ஒப்பாரி. சிறு விவசாயிகள் பறித்த இலையை ரோட்டில் கொண்டுவந்து கொட்டினார்கள். பிராம்லி முதலாளிமார் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டு மலையிறங்கிப் போனவர்கள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. கிள்ளாமல் விட்ட தேயிலை ஆளுயரத்துக்கு மேலே மரமாகி நின்றது. இதெல்லாம் கீர்த்திக்குத் தெரியாதா? தெரியும். பேப்பரில் படித்தான். கடைக்குப் போன் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொல்லி, "பேசாம இங்கயே வந்துருங்க" என்றான். ஃபேக்டரி நின்றால் கான் வெட்டும் நிற்கும் என்பது மட்டும் அந்தப் பெரிய தலைக்குள் ஏறவேயில்லை. அதைச் சொல்ல அவனுடைய வலது கால் வர வேண்டியிருந்தது.

"வாடா கண்ணு! ஏன்டா இப்பிடி மூஞ்சி வெளுத்துப்போய் வார? சோறுண்டயா?" என்று பாலாமணி வாசலுக்கு ஓடி வந்தாள். கை முழுக்கச் சேறு. தோட்டத்திலிருந்துதான் வந்திருக்கிறாள். "பாத்தயா எங்க பண்ணயத்த? உன்ற குட்டதான்டா இன்னைக்கு எங்களுக்குச் சோறு போடுது. பூட்டிப்போட்டுப் போனானுகளே, இதுக என்னத்தத் தின்னும்னு ஒருத்தன் கேட்டானா? நீ கட்டி வெச்சயோ, நாங்க பொழச்சமோ."

ஃபேக்டரியில் கிளார்க்காக இருந்த அவள் புருஷன் சின்னராஜ், தலையில் துண்டும் கையில் மம்முட்டியுமாக வந்து, "வாங்க மாப்ள" என்றார். பேனா பிடித்த விரல்கள் காய்த்துப் போயிருந்தன. ஆனால் மனுஷன் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

"இன்னொரு அதிசயம் காட்டறேன் வா" என்று அக்கா அவன் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். மலையை வெட்டிச் சமமாக்கிய மண்சுவர் அங்கே வீட்டை ஒட்டி நின்றது. அந்தச் சுவரின் நடுவிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அக்கா அதில் ஒரு தகரத்தை வளைத்துச் செருகி, கீழே குடம் வைத்திருந்தாள். "ஆடியில தானா வந்துச்சுடா இந்த ஊத்து! இனி தண்ணிக்கு மேல ஏறி நடக்க வேண்டீதே இல்ல. மாரியாத்தா நம்மளக் கண் தொறந்து பாத்துட்டா."

கீர்த்தி கையை நீட்டித் தண்ணீரை ஏந்தினான். உள்ளங்கையில் செம்மண் படிந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தான். நைஸாக, மாவு மாதிரி இருந்தது.

"செவப்பா வருதேக்கா."

"அது இப்ப கொஞ்ச நாளாத்தான். தெளிய வெச்சு எடுத்துக்கறேன், அதனால என்ன?"

தெளிந்த தண்ணீராக வந்தால் அது ஊற்று. மண்ணோடு சேர்ந்து வந்தால் மலை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதைக் கீர்த்தி எத்தனையோ வருஷம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறான். தன் அக்காவின் குடத்தில் அதைப் பார்ப்போம் என்று அவன் நினைத்தானா? கையை உதறித் துடைத்தான். "அக்கா, சாமானெல்லாம் கட்டு. இன்னைக்கே போலாம்" என்றான்.

பாலாமணி சிரித்தாள். "கேரட்டு இன்னும் வெளையிலடா, அதுக்குள்ள எங்க போறது?"

மறுநாள் காலையில் லைனுக்கு முன்னால் எல்லோரையும் கூட்டினான். சுற்றி வளைக்காமல் சொன்னான். "ஐப்பசி மழ வலுத்துப் பேஞ்சா இந்தச் சரிவு நிக்காதுங்க. ஒண்ணு, அடச்ச கானையெல்லாம் மறுபடி வெட்டி உடோணும். இல்லாட்டி குட்டையக் காலி பண்ணோணும். ரெண்டும் ஆகாதுன்னா நீங்க லைனக் காலி பண்ணோணும்."

சின்ன வயசில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த மூக்கம்மா, காலமெல்லாம் கொழுந்து கிள்ளியவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "பேரு போடாம கான் வெட்டச் சொல்றீங்களோ? எங்க அம்மா காலத்துலேருந்து பேரு போடாம நாங்க ஒரு புல்லக்கூடப் புடுங்குனதில்ல. தொர வரட்டும், பேரப் போடட்டும், கான் என்ன, கடலையே வெட்டித் தாரோம்." பேர் போடுவது என்றால் அன்றைய வேலைக்கு ஆளைப் பதிவது. அது இல்லாமல் செய்வது வேலையே இல்லை, அடிமைத்தனம். எஸ்டேட் பிள்ளையான கீர்த்திக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

யூனியன் செயலாளர் சில்வஸ்டர் அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கீர்த்தியின் தோளில் கை போட்டே பேசினான். "தப்பா எடுத்துக்காத கீர்த்தி. ஃபேக்டரியத் தொறக்காம எஸ்டேட் வேல ஒண்ணும் தொடறதில்லைன்னு யூனியன்ல கையத் தூக்கி முடிவு பண்ணிருக்கோம். இன்னைக்கு நாங்களே கான் வெட்டிக் குடுத்தா, 'பாருங்க, எஸ்டேட் நல்லாத்தான் நடக்குது'ன்னு நாளைக்கு மொதலாளி கோர்ட்டுல நின்னு சொல்லுவான்."

"அப்ப கேரட்டுப் போட்டிருக்கறது எஸ்டேட் மண்ணில்லையா?"

"அது வயித்துக்குடா. லைன உட்டு வெளிய போகச் சொல்றயே, போன அன்னைக்கே பூட்டிப்போடுவான். பொறகு ஃபேக்டரி தொறந்தாலும் நாங்க ஆருன்னு கேப்பான்."

ஒருத்தர் சொன்னதிலும் தப்பு கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல். எல்லோரும் நியாயத்தையே பேசிக்கொண்டிருக்க, அவர்கள் தலைக்கு மேலே மண் ஊறிக்கொண்டிருந்தது. கடைசியில் சின்னராஜ் மெதுவாகக் கேட்டார். "கட்டறப்ப நூறு வருசத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னீங்களே மாப்ள? நீங்கதான சொன்னீங்க?" அதற்குக் கீர்த்தியிடம் பதில் இருந்தது. கானை நான் கணக்கில் சேர்க்கவேயில்லை மச்சான், அது எப்போதும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. அத்தனை பேர் முன்னால் புரொபசர் வாய் திறக்கவில்லை.

பிறகு குட்டையைக் காலி செய்ய உத்தரவு கேட்டுச் சர்க்கார் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். யாரும் அவனை அவமதிக்கவில்லை. எழுந்து நின்று, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்கள். அப்புறம் குட்டையைப் பற்றி அவன் எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையையே எடுத்து அவன் முன்னால் விரித்தார்கள். "கரை உறுதி, சரிவு உறுதின்னு கையெழுத்துப் போட்டிருக்கறது நீங்கதானுங்க சார். உங்களுக்கு மேல நாங்க என்னங்க சொல்றது? கோடையில அந்தச் சனத்துக்குத் தண்ணி வேற அதுதானுங்களே." நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கீர்த்தி தன் கையெழுத்தால் கெட்டான். "நான் எழுதுனது தப்புங்க" என்று ஓர் ஆபீஸில் கத்தியே சொன்னான். அங்கிருந்த இளவயசு இன்ஜினியர் சங்கடப்பட்டுத் தலை குனிந்துகொண்டார். புரொபசருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்.

குட்டையின் அடியில் ஒரு மதகு உண்டு. அதைத் திறக்கிற இரும்புக் கைப்பிடி காலேஜ் லேபில், கண்ணாடி அலமாரியில் இருந்தது. யாராவது கண்டபடி திறந்து ஆராய்ச்சியைக் கெடுத்துவிடுவார்கள் என்று அந்தக் காலத்திலேயே அவன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மலையேறினான். அன்றைக்குக் கொழுந்துக்கு விலை கேட்டுக் கோத்தகிரியில் சாலை மறியல். லைனில் நடக்க முடிந்த அத்தனை பேரும் லாரியேறிப் போகப் போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அக்காதான் போனில் சொல்லியிருந்தாள். "நானும் போறேன்டா, கொடி புடிக்கறக்கு. உன்ற அக்காளும் லீடராயிட்டா பாத்துக்க!" என்று சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டேதான் அவன் நாளைக் குறித்தான்.

மதகு துருப்பிடித்துப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, மூச்சு வாங்க வாங்கத் திருகினான். முதலில் ஒரு முனகல், பிறகு தண்ணீர். அது சரிவுக்குப் போகாமல், பாறை ஓரமாக ஓடையில் போய் விழும்படிதான் அவன் முன்பே கட்டியிருந்தான். ஒரேயடியாகத் திறந்தால் கரை சரியும் என்று, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினான். அழிக்கும்போதும் முறையாக அழித்தான், பாருங்கள். நீர்மட்டம் இறங்க இறங்க, கரையில் பழைய அளவுக்கல் வெளியே தெரிந்தது. வாலிபத்தில் அவனே நட்டு, அவனே வெள்ளையடித்து, வெயிலிலும் மழையிலும் வந்து பார்த்துப் பார்த்துக் குறித்த கல். கீர்த்தி கரையில் உட்கார்ந்து அழுதான். வெட்கத்தை விட்டு, வாய்விட்டு அழுதான். அழுது முடித்ததும், மறுபடி யாரும் மூட முடியாதபடி மதகுப் பலகையைக் கல்லால் அடித்து உடைத்தான்.

சாயங்காலம் லாரி திரும்பியது. ஓடையின் இரைச்சலைக் கேட்டே சனத்துக்கு விளங்கிவிட்டது. ஓடி வந்தார்கள். சில்வஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து மதகைத் தடவினான். பலகை இல்லை. பாத்தியிலிருந்து மண் மூட்டைகளைத் தூக்கி வந்து போட்டார்கள். தண்ணீர் அவற்றை உருட்டிக்கொண்டு போனது. சில்வஸ்டர் சேறு சொட்டச் சொட்டக் கரையேறி, கீர்த்தியை அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கையை அப்படியே கீழே போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டான். மூக்கம்மா குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை வாரி அவனைப் பார்த்துத் தூற்றினாள். "நீ நாசமாப் போவ! எங்க வயித்துல அடிச்ச உனக்கு ஒரு வாய்த் தண்ணி கிடைக்காமப் போகும்!"

பாலாமணி கையில் இன்னும் கொடி இருந்தது. அதைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.

"சொன்னா உட்டிருப்பயாக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். "உட்டிருக்க மாட்டேன்" என்றாள். "அதுக்குத்தான்டா சொல்லோணும்கறது."

அன்றைக்கு அவன் அக்கா வீட்டில் சாப்பிடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. போவதற்கு முன்னால், சரிவின் குறுக்கே வெள்ளையடித்த குச்சிகளை ஒரே வரிசையாக அடித்துவிட்டுப் போனான். மலை அசைந்தால் வரிசை வளையும். வளைந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். நான் சொன்னது சரி என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அவன் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் அவனே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. பிடித்த பிடியில் கோயமுத்தூர் வரைக்கும் இருட்டிக்கொண்டு வந்தது. கீர்த்தி முதல் பஸ்ஸில் மேலே போனான். என்னதான் வாய் கிழியத் திட்டினாலும், அவன் சொன்ன பயம் லைன்காரர்களுக்கு உள்ளே இருந்திருக்கிறது. சனம் முழுவதும் சட்டி பானையோடு ஃபேக்டரித் தாழ்வாரத்துக்கு வந்திருந்தது. ஒருவரும் அவனிடம் பேசவில்லை. தேயிலை எஸ்டேட்டில், கொட்டுகிற மழையில், அவனுக்கு ஒரு வாய் டீ கொடுக்க ஆளில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைக் குச்சிகள் பள்ளிக்கூட அசெம்பிளியில் பிள்ளைகள் நிற்பதுபோல நேராக நின்றன. மதியத்துக்கு மேல் மழை வலுத்தது. குச்சிகள் நின்றன. மறுநாளும் கொட்டியது. மறுநாளும் அவை நேராகத்தான் நின்றன.

தாழ்வாரத்தில் யாரோ சிரித்தார்கள். "புரொபசர் மலைக்குக் காவல் நிக்கறாரு" என்று ஒரு குரல் கேட்டது. அதற்கு நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"விழுந்து தொலையேன்" என்றது கீர்த்தியின் வாய்.

மலையைப் பார்த்துத்தான் சொன்னான். சொன்னது தன் காதில் விழுந்ததும், யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தான். கீழே இப்போது ஆளில்லை, வெறும் வீடுதானே, ஒரு ஓரமாகக் கொஞ்சம் சரிந்தால் போதுமே என்று மனசு பேரம் பேசியது. அந்த வெறும் வீட்டில் அக்காவின் அரிசிப் பானை இருக்கிறது. அப்பாவின் படம் இருக்கிறது. யாராவது விட்ட சாமானை எடுக்க ஓடியிருந்தால்? சீ, நானும் ஒரு மனுஷனா என்று குடையை மடக்கிவிட்டு மழையிலேயே நின்றான். ஆனால் கண் குச்சிகளை விட்டு நகரவில்லை.

அன்று சாயங்காலம் மழை நின்றது. நின்றது நின்றதுதான், அந்த வருஷம் பிறகு பெய்யவேயில்லை. கார்த்திகை காய்ந்தது. மார்கழியில் பனிதான் கொட்டியது. குட்டை இருந்திருந்தால் அந்த ஒரு மழைக்கே நிறைந்திருக்கும். அக்காவின் சமையல்கட்டுக்குப் பின்னால் ஊற்று முதலில் தெளிந்தது, பிறகு சொட்டியது, பிறகு நின்றுபோனது. சரிவு காய்ந்துவிட்டது, அக்கா பிழைத்தாள் என்று அதற்கு அர்த்தம். அதைக் கீர்த்தி யாரிடம் போய்ச் சொல்வான்? காலிக் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறவளிடமா? குட்டையைத் திறக்காமல் விட்டிருந்தால் அந்த மழைக்கு மலை விழுந்திருக்கும் என்று அவன் கணக்கு சொன்னது. திருப்பித் திருப்பிப் போட்டான், ஒவ்வொரு தடவையும் சொன்னது. விழாமல் நிற்கிற மலையைக் காட்டி, இது விழுந்திருக்கும் என்றால் எந்தச் சனம் நம்பும்? சில நாள் அவனே நம்பவில்லை. அவன் எழுதியதைப் பார்த்து வேறு எஸ்டேட்டுகளிலும் குட்டை கட்டியிருந்தார்கள். கான் மூடினால் ஆபத்து என்று எல்லாருக்கும் எழுதினான். ஒருவர் மட்டும், 'உங்கள் பிராம்லி சரிவு விழுந்ததா?' என்று கேட்டுப் பதில் போட்டார்.

கேரட் வாடியது, பீட்ரூட் வெம்பியது. தை பிறந்ததும் லைன் காலியாக ஆரம்பித்தது. சில்வஸ்டர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனான், சொல்லிக்கொள்ளவில்லை. மூக்கம்மா கூடலூர்ப் பக்கம் மகளிடம் போய்ச் சேர்ந்தாள். ஒவ்வொரு வீடு காலியாகும்போதும் எங்கிருந்தோ கம்பெனி ஆள் வந்து பூட்டிவிட்டுப் போனான். அதற்கு மட்டும் ஆள் இருந்தது.

மாசியில் அக்காவின் முறை வந்தது. சின்னராஜுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கேட்டில் உட்காருகிற வேலை கிடைத்திருந்தது. "நம்ம ஊட்டுக்கு வந்துருக்கா" என்று கீர்த்தி கெஞ்சினான். "வேண்டான்டா, நீ நல்லாரு" என்றாள் பாலாமணி. வேனாவது பிடித்து வருகிறேன் என்றான். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாமான் ஏற்ற நேரமாகவில்லை. ஏற்றுவதற்கு அவ்வளவுதான் இருந்தது. சின்னராஜ் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஃபேக்டரிப் பக்கம் திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா சமையல்கட்டைக் கூட்டினாள். விட்டுப் போகிற வீட்டை யாராவது கூட்டுவார்களா? அவள் கூட்டினாள். பின்பக்கம் போய், மண்சுவரில் செருகியிருந்த தகரத்தைப் பிடுங்கி, உதறி, குடத்துக்குள் போட்டுக்கொண்டு வந்தாள்.

கீர்த்தி வாசலில் நின்றிருந்தான். அவன் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவனே கவனிக்கவில்லை. பாத்திகள் வெளுத்துக் கிடந்தன. மேலே குட்டை இருந்த இடத்தில் மாடுகள் மேய்ந்தன. வெள்ளைக் குச்சிகள் இன்னும் அங்கேயே, நூல் பிடித்தாற்போல நேராக நின்றன.

"என்னடா பாக்கற?" என்று பக்கத்தில் அக்கா குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லக்கா."

அவளும் அவன் பார்த்த திக்கில் பார்த்தாள். குச்சிகளைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயசில், அவன் வாய் திறப்பதற்கு முன்பே பசிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாளே, அதே பார்வை.

"மல விழுகுலயேன்னு பாக்கற" என்றாள்.

கீர்த்தி வாயைத் திறந்தான். இல்லை என்பது என்ன பெரிய வார்த்தையா? குழந்தைகூடச் சொல்லும். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

பாலாமணி குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கோபமில்லை, கண்ணில் தண்ணீர்கூட இல்லை.

"இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லுடா தம்பி" என்றாள். "சொல்லிட்டயின்னா நான் போயிருவேன்."

வேன்காரன் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வேனில் போய் ஏறிக்கொண்டாள்.